கண்காட்சியின் பெரிய திரையில் எதை ஓட விடுவது: ஸ்லைடா, வீடியோவா, டச் ஸ்கிரீனா?

கோவை கொடிசியாவில் இன்டெக், டெக்ஸ்ஃபேர், சென்னை நந்தம்பாக்கத்தில் ஆக்மி என்று எந்தக் கண்காட்சி நெருங்கினாலும், சிறு, நடுத்தரத் தொழில் நடத்துகிறவர்களிடமிருந்து ஒரே கேள்வி வரும். "ஸ்டால் புக் பண்ணியாச்சு, எல்.இ.டி வாலுக்கும் சொல்லியாச்சு. அதில் ஓட விட நம்ம பவர்பாயின்ட் போதுமா, இல்லை அனிமேஷன் வீடியோ எடுக்கணுமா? பக்கத்து ஸ்டால்காரர் டச் ஸ்கிரீன் வைக்கிறாராமே?"

மூன்றுமே சரியாக அமைகிற இடங்கள் உண்டு. மூன்றுமே பணத்தை வீணாக்குகிற இடங்களும் உண்டு. எது அழகாக இருக்கும் என்று பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். நான் முதலில் கேட்பது வேறு: மூன்றாம் நாள் மதியம் திரையில் ஏதாவது மாற்ற வேண்டி வந்தால், அல்லது ஓடுவது நின்றுபோனால், ஸ்டாலில் இருக்கும் யாருக்கு அதைச் சரிசெய்யத் தெரியும்? இதற்குப் பதில் இருந்தால் பாதி முடிவு எடுத்த மாதிரி.

கணக்குக்காக ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். பம்ப் செட் தயாரிக்கும் ஒரு நிறுவனம், 18 சதுர மீட்டர் ஸ்டால், பின்சுவரில் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரத்தில் வாடகை எல்.இ.டி வால் (சுவர்போல நிற்கும் பெரிய திரை), முன்பக்கம் ஒரு 55 அங்குல டிவி. கண்காட்சி நான்கு நாள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

திரையில் எத்தனை பிக்சல். பெரிய திரை என்றால் நிறைய விவரம் காட்டலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. எல்.இ.டி வால் என்பது பெரும்பாலும் அரை மீட்டருக்கு அரை மீட்டர் அளவுள்ள கேபினெட் எனும் திரைத்துண்டுகளை அடுக்கிக் கட்டுவது. வாடகைக்காரர் 'பி 3.9', 'பி 2.6' என்று சொல்வது அடுத்தடுத்த இரண்டு பிக்சல்களுக்கு நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்ற கணக்கு. பி 3.9 கேபினெட் ஒன்றில் 128×128 பிக்சல் இருக்கும், பி 2.6-ல் 192×192. நம் உதாரண வாலுக்கு அகலத்தில் 6, உயரத்தில் 4, ஆக 24 கேபினெட். பி 3.9 என்றால் மொத்தத் திரையே 768×512 பிக்சல்தான். பி 2.6 என்றால் 1152×768. முன்னால் நிற்கும் 55 அங்குல டிவி ஃபுல் எச்.டி-யாக இருந்தாலே 1920×1080. அதாவது பி 3.9 வாலில் இருப்பதைப்போல ஐந்து மடங்குக்கு மேல்.

இந்தக் கணக்கு தெரியாமல்தான் பம்ப் மாடல், குதிரைத்திறன், ஹெட், டிஸ்சார்ஜ் என்று பன்னிரண்டு வரி அட்டவணையை வாலில் போட்டுவிட்டு, "ஏன் மங்கலா தெரியுது?" என்று ஆபரேட்டரைக் கடிந்துகொள்கிறார்கள். அவர் என்ன செய்வார்?

தமிழில் எழுதினால் இது இன்னும் கறாராகும். ஆங்கிலப் பெரிய எழுத்து 15 பிக்சல் உயரத்தில்கூட ஒப்பேற்றிவிடும். நம் 'ணை', 'ஞ', 'ழு' எல்லாம் சுழியும் வளைவும் அடைபட்டு ஒரு வெள்ளைக் கட்டியாக நிற்கும். 'ன'வும் 'ண'வும் ஒன்றாகிவிடும். வாலில் வரும் தமிழ் எழுத்து குறைந்தது 30 பிக்சல் உயரம் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பி 3.9-ல் அது சுமார் 12 சென்டிமீட்டர், பி 2.6-ல் சுமார் 8 சென்டிமீட்டர். எழுத்துக்கு மேலும் கீழும் நீளும் கோடுகளுக்கு இடம்விட்டு அடுக்கினால் 512 பிக்சல் உயரத்தில் ஒன்பது வரிக்கு மேல் வராது. படமும் வேண்டும் என்றால் மூன்று வரி. அந்த மூன்று வரிக்குள் சொல்ல முடிவதை மட்டும்தான் வாலுக்கு எழுத வேண்டும்.

எந்தத் தூரத்திலிருந்து பார்ப்பார்கள் என்பதற்கும் ஒரு கைக்கணக்கு உண்டு. பிட்ச், அதாவது அந்தப் பிக்சல் இடைவெளி, எத்தனை மில்லிமீட்டரோ, குறைந்தபட்சம் அத்தனை மீட்டர் தள்ளி நின்றால் புள்ளி தெரியாது. ஸ்டால் ஆழம் 3 மீட்டர்தான் என்றால், உள்ளே வந்தவருக்கு பி 3.9 வால் புள்ளிக் கோலமாகத்தான் தெரியும்.

பார்ப்பவர் நடக்கிறாரா, நிற்கிறாரா. நடைபாதையில் போகிறவர் உங்கள் ஸ்டாலைக் கடக்கச் சில நொடிகள்தான் ஆகும். அவர் எப்போது திரும்பிப் பார்த்தாலும், அந்த நொடியில் திரையில் இருப்பது என்ன பொருள், யாருக்கானது என்று சொல்ல வேண்டும். உட்கார்ந்து பேச வந்தவருக்குத் தேவை வேறு: அவர் கேட்கும் மாடலை உடனே காட்ட முடிய வேண்டும்.

கடைசி நேர மாற்றம். விலைச் சலுகை, புது டீலர் அறிவிப்பு, ஒரு மாடலை மட்டும் எடுத்துவிடச் சொல்லும் எம்.டி. இவை இல்லாத கண்காட்சியே கிடையாது.

ஆள் கவனிக்காமல் ஓடுமா. காலை 10 மணியிலிருந்து மாலை 6 மணிவரை, நான்கு நாள்.

முழுச் செலவு. தயாரிப்புக் கட்டணம் மட்டும் போதாது. வாடகை, மின்சாரம், கேபிள், ஆபரேட்டர், உரிமம், 18 சதவீத ஜி.எஸ்.டி எல்லாம் சேர்த்து.

அடுத்த கண்காட்சிக்கு ஆகுமா. கொடிசியாவில் போட்டதையே பெங்களூரு ஐ.எம்.டெக்ஸுக்கும் கொண்டுபோக முடியுமா? அங்கே வால் அளவு வேறாக இருக்கும், மொழியும் மாறும்.

## ஸ்லைடு ஷோ: லேப்டாப்பிலிருந்து நேரடியாக

பவர்பாயின்ட்டை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. 2019 பதிப்பு, மைக்ரோசாஃப்ட் 365 இரண்டிலும் இருக்கும் மார்ஃப் டிரான்சிஷனை (ஒரு ஸ்லைடில் உள்ள படம் நகர்ந்து அடுத்த ஸ்லைடில் உள்ளதாக உருமாறும் வசதி) ஒழுங்காகப் பயன்படுத்தினால், பம்ப்பின் வெட்டுத்தோற்றம் விரிந்து உள்ளே சுழலும் சக்கரமான இம்பெல்லர் தனியே வந்து நிற்பதை ஓர் அலுவலகப் பையனே ஒரு மதியத்தில் செய்துவிடுவான். மாற்றம் என்றால் இரண்டு நிமிடம். வாடிக்கையாளர் 7.5 எச்.பி பற்றிக் கேட்டால் நேராக அந்த ஸ்லைடுக்குப் போகலாம். ஸ்டாலில் ஒருவர் நின்று விளக்கப் போகிறார் என்றால் இதற்கு ஈடு இல்லை.

சிக்கல் எல்லாம் லேப்டாப்பில்தான் இருக்கிறது. பெரிய வாலில் வாட்ஸ்அப் அறிவிப்பு வந்து விழுவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "அண்ணா, அந்த பேமென்ட் எப்போ?" என்று 3 மீட்டர் அகலத்தில் தெரிந்தால் நல்லாவா இருக்கும்? அறிவிப்புகளை அணைப்பது, ஸ்லீப்பை நிறுத்துவது, விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிவைப்பது, திரை இரண்டாகப் பிரிந்து பேச்சாளர் குறிப்பு வாலில் தெரியாமல் பார்த்துக்கொள்வது என்று ஒவ்வொரு காலையும் ஒரு வேலை இருக்கும்.

தானாக ஓட விடுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஸ்லைடு ஷோவைக் கியாஸ்க் முறையில் வைத்தால் எஸ்கேப் அழுத்தும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் எத்தனை நொடியில் நகர வேண்டும் என்று நேரம் கொடுத்திருக்க வேண்டும். ஒன்றில் மறந்துவிட்டாலும் ஷோ அங்கேயே நின்றுவிடும். கியாஸ்க் முறையில் மவுஸைத் தட்டினாலும் நகராது. ஸ்டாலில் இருக்கும் பெண் பாவம், தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு லேப்டாப்பையே ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவார்.

அப்புறம் எழுத்துரு. அலுவலகத்தில் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ், பாமினி இல்லாத லேப்டாப்பில் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். யூனிகோடில் அடித்தால் அந்த அபாயம் இல்லை. குறைந்தபட்சம் விண்டோஸோடு வரும் நிர்மலா எழுத்துருவில் வாசிக்கும்படியாவது வந்துவிடும். சேமிக்கும்போது எழுத்துருவையும் கோப்போடு சேர்க்கச் சொல்லும் வசதி இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள். மார்ஃபும் இதே கதைதான்: பழைய பதிப்பு உள்ள கணினியில் அது வெறும் ஃபேடாகிவிடும். நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த இம்பெல்லர் சத்தமில்லாமல் மறைந்து தோன்றும்.

விகிதத்தையும் கவனியுங்கள். நம் வால் 3-க்கு 2. வழக்கமான ஸ்லைடு 16-க்கு 9. ஸ்லைடை 30×20 சென்டிமீட்டர் என்று வைத்து வடிவமைத்தாலும், லேப்டாப் அனுப்பும் சிக்னல் 1920×1080-தான். நடுவில் 1620 பிக்சல் படம், இரு பக்கமும் 150 பிக்சல் கறுப்புப் பட்டை. வால் ப்ராசசரில் (சிக்னலை வாங்கி வாலுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) அந்த 1620×1080-ஐ மட்டும் வெட்டி எடுக்கச் சொல்லி ஆபரேட்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பட்டையோடு சேர்த்து இழுத்துப் பரப்பிவிடுவார், பம்ப் ஒல்லியாகி உயர்ந்து நிற்கும்.

மறைமுகச் செலவு என்று பார்த்தால், நான்கு நாளைக்கு ஒரு நல்ல லேப்டாப் முடங்கும். லேப்டாப் மேஜையிலும் ப்ராசசர் வாலுக்குப் பின்னாலும் இருந்தால் எச்.டி.எம்.ஐ கேபிள் நீளம் கூடும். சாதாரணக் கேபிள் 10 மீட்டரைத் தாண்டினால் படம் விட்டு விட்டு வரும். கேட் 6 நெட்வொர்க் கேபிள் வழியே அனுப்பும் எக்ஸ்டென்டரோ ஃபைபர் எச்.டி.எம்.ஐ-யோ வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கும்.

## வீடியோ லூப்: ஒருமுறை செய்து ஓட விடுவது

வால் மட்டும்தான் கேள்வி என்றால், பத்தில் எட்டு ஸ்டால்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். வீடியோவாகிவிட்டால் எழுத்துரு மாறாது, நகர்வு தடுமாறாது, எந்தக் கணினியில் போட்டாலும் அதே படம். பென் டிரைவை டிவியில் செருகினாலே ஓடும். காலையில் யாராவது ஒருவர் ஆன் பண்ணினால் மாலைவரை கவலையில்லை.

வீடியோ என்றாலே ஏஜென்சி என்று இல்லை. மூன்று வழி இருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் ஸ்லைடை பவர்பாயின்ட்டிலிருந்தே எம்.பி.4 ஆக ஏற்றுமதி செய்வது. செலவு கிட்டத்தட்ட இல்லை. கேன்வா போன்றவற்றில் வாலின் பிக்சல் அளவையே கொடுத்து வடிவமைத்து எம்.பி.4 ஆக இறக்குவது. மூன்றாவது, 3டி அனிமேஷன். முதலிரண்டையும் உள்ளே இருப்பவர்களே செய்துகொள்ளலாம். பணமும் காலமும் போவது மூன்றாவதில்.

பம்ப், வால்வு, கியர்பாக்ஸ் மாதிரி உள்ளே நடப்பதைக் காட்டினால்தான் விற்கும் பொருள்களுக்கு 3டி நியாயமான செலவு. தண்ணீர் எப்படி ஏறுகிறது, சீல் எங்கே உட்காருகிறது என்பதை நிஜப் பம்ப்பை வைத்துக்கொண்டு காட்ட முடியாது. இங்கே ஒரு அனுகூலம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை: உங்கள் டிசைன் பிரிவில் ஏற்கெனவே கேட் மாடல் (கணினியில் வரைந்த 3டி வடிவமைப்பு) இருக்கும். அதை ஸ்டெப் கோப்பாக (கேட் மாடல்களைப் பரிமாறும் பொதுவடிவம்) கொடுத்தால் அனிமேட்டர் புதிதாக மாடல் செய்யும் செலவு மிச்சம். பிளெண்டர் என்ற 3டி மென்பொருள் ஸ்டெப் கோப்பை நேரடியாகத் திறக்காது, ஃப்ரீகேட் போன்ற ஒன்றின் வழியாக மாற்றித்தான் எடுக்க வேண்டும்; அது அவர் வேலை. உங்கள் வேலை, கோப்பைக் கொடுக்கும் முன் போட்டியாளர் பார்க்கக் கூடாத உள்ளளவுகளை நீக்கிவிடுவது. டிசைன் ஆள் அரை நாளில் செய்துவிடுவார்.

இப்போது செலவின் மறைவான பக்கம். விலைப்பட்டியலில் 'இரண்டு முறை திருத்தம் இலவசம்' என்று இருக்கும். மூன்றாவது திருத்தத்திலிருந்து மீட்டர் ஓடும். 3டி-யில் "அந்தப் பெயின்ட் நிறத்தைக் கொஞ்சம் மாத்துங்க" என்பது சின்ன வேலை மாதிரித் தெரியும், ஆனால் அந்தப் பம்ப் வரும் அத்தனை ஃப்ரேமையும் மறுபடி ரெண்டர் பண்ண, அதாவது கணினி ஒவ்வொரு படமாக வரைந்தெடுக்க வேண்டும். 90 நொடி வீடியோவில் நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் 2,700 படம். அதனால் நிறம், லோகோ, மாடல் பெயர் எல்லாவற்றையும் அசையாத படமாக முதலில் ஒப்புதல் வாங்கிக்கொண்டுதான் ரெண்டருக்குப் போக வேண்டும். எம்.டி-யும் அந்தப் படத்தைப் பார்த்திருக்க வேண்டும். கடைசி வாரத்தில் முதல்முறை பார்க்கிறவர்தான் நிறத்தை மாற்றச் சொல்வார்.

வொர்க் ஆர்டரில் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். எழுத்தே இல்லாத ஒரு பதிப்பும் தர வேண்டும். புராஜெக்ட் கோப்பும் தர வேண்டும். எழுத்தில்லாத பதிப்பு கையில் இருந்தால் ஐ.எம்.டெக்ஸுக்கு ஆங்கிலமும், டெல்லிக்கு இந்தியும் மேலே போட்டுக்கொள்ளலாம். புராஜெக்ட் கோப்பு இல்லாமல் போனால் அடுத்த வருடம் போன் நம்பரை மாற்றக்கூட அதே ஆளிடம் அதே விலைக்குப் போக வேண்டும். இதை ஆரம்பத்திலேயே பேசினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். வேலை முடிந்த பிறகு கேட்டால் தனி விலை.

தமிழ் வாசகம் இருந்தால் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், பிரீமியர் என்ற வீடியோ மென்பொருள்கள் இரண்டிலும் ஒரு செட்டிங்கைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். தெற்காசிய எழுத்துகளுக்கான டெக்ஸ்ட் இன்ஜின் தேர்வாகாமல் இருந்தால் 'கொ' என்பதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து விழும். தமிழ் தெரியாத எடிட்டருக்கு அது பிழை என்றே தெரியாது. ரெண்டர் ஆன வீடியோவைத் தமிழ் வாசிக்கிற ஒருவர் கடைசிவரை பார்த்த பிறகுதான் பணத்தை முடிக்க வேண்டும். எழுத்துக்கு எழுத்து தனியே பறந்துவரும் எஃபெக்டும் தமிழுக்கு வேண்டாம். சொல் சொல்லாக வந்தால் போதும்.

வாலுக்கான வீடியோவில் வேறு சில விஷயங்கள்:

- அளவை வாடகைக்காரரிடம் கேட்டு அதே பிக்சலில் செய்யுங்கள். பலர் 1920×1080 பரப்பில் மேல் இடது மூலையில் 1152×768-ஐ வைத்துக் கேட்பார்கள். அப்படிக் கொடுத்தால் ப்ராசசரில் சுருக்காமல் விரிக்காமல் பிக்சலுக்குப் பிக்சல் போடலாம். மெல்லிய கோடுகள் அப்போதுதான் உடையாது.
- முழு வெள்ளைப் பின்னணி வேண்டாம். வாலில் அது கண்ணைக் குத்தும், மின்சாரத்தையும் அதிகம் இழுக்கும். கறுப்புக்கு மிக நெருக்கமான சாயல்மாற்றமும் வேண்டாம். அரங்குக்குள் பிரகாசத்தைக் குறைத்து வைத்திருப்பார்கள், அப்போது அது பட்டை பட்டையாகத் தெரியும்.
- நொடிக்கு 25 ஃப்ரேமில் செய்த பக்கவாட்டு நகர்வு, 60 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 60 படம்) ஓடும் வாலில் குதித்துக் குதித்துப் போகும். 30 அல்லது 60 என்று கேளுங்கள்.
- முதல் ஃப்ரேமும் கடைசி ஃப்ரேமும் ஒன்றாக இருக்கட்டும். டிவியில் பென் டிரைவ் லூப் ஆகும்போது ஒரு கணம் கறுப்பாகிக் கோப்புப் பெயர் வந்து போகும். 'ஃபைனல்_ஃபைனல்_3' என்று பெயர் வைக்காதீர்கள்.
- ஃபேட் 32-ல் ஃபார்மேட் ஆன பென் டிரைவ் 4 ஜி.பி-க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. 90 நொடி எச்.264 வீடியோ நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் சுமார் 225 எம்.பி-தான் வரும், பிரச்சினை இல்லை. எடிட்டர் எடிட்டிங்குக்கான மூலக்கோப்பையே அனுப்பிவிட்டால்தான் மாட்டுவீர்கள்.

ஒலி வேண்டுமா? என் பதில், வாலுக்கு வேண்டாம். அரங்குச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. கேட்கும் அளவுக்கு வைத்தால் பக்கத்து ஸ்டால்காரர் சண்டைக்கு வருவார், உங்கள் விற்பனை ஆளும் தொண்டை கட்டிக்கொள்வார். திரைப்பாடல் போட்டால் பொது இடத்தில் ஒலிபரப்ப பி.பி.எல், ஐ.பி.ஆர்.எஸ் என்ற இசை உரிமை அமைப்புகளின் உரிமம் பற்றிய கேள்வியும் வரும். ஊமைப் படமாகவே புரியும்படி எடுத்தால் குரல் பதிவுச் செலவும் மிச்சம்.

வீடியோவின் பலவீனம் ஒன்றுதான், ஆனால் பெரியது: கேள்விக்குப் பதில் சொல்லாது. "அந்தப் படத்தை நிறுத்துங்க, அந்த சீலைப் பார்க்கணும்" என்று ஒரு பொறியாளர் கேட்டால், லூப் மறுபடி வரும்வரை இருவரும் அண்ணாந்து நிற்க வேண்டும்.

## டச் ஸ்கிரீன்: வந்தவரே தேடிப் பார்ப்பது

பிரவுசரில் ஓடும் ஒரு சிறு செயலியைத் தயாரித்து, குரோமைக் கியாஸ்க் முறையில் முழுத்திரையாக விட்டு, டச் டிவியில் வைப்பது. 40, 50 மாடல்கள் இருக்கிற நிறுவனத்துக்கு இது உண்மையிலேயே உதவும். ஆழம் எவ்வளவு, எத்தனை ஏக்கர், மின்சாரம் ஒரு ஃபேஸா மூன்று ஃபேஸா என்று மூன்று கேள்விக்கு விரலால் தொட்டால் பொருத்தமான பம்ப் வந்து நிற்கும். விவசாயியோ டீலரோ தானே தொட்டுக் கண்டுபிடித்ததை மறக்கமாட்டார்.

ஆனால் இது ஒரு மென்பொருள் திட்டம். சோதனைக்கு இரண்டு வாரமாவது ஒதுக்க முடியாதென்றால் இறங்க வேண்டாம். அரங்கின் வைஃபையை நம்பவே கூடாது. படம், வீடியோ, எழுத்துரு எல்லாம் அந்தக் கணினியிலேயே இருக்க வேண்டும். வலையிலிருந்து எழுத்துரு எடுக்கும்படி எழுதப்பட்ட பக்கம், இணையம் இல்லாத இடத்தில் வேறு முகத்தோடு வரும். ஒலியுள்ள வீடியோவை யாரும் தொடாமல் தானாக ஓட விட பிரவுசர் அனுமதிக்காது என்பதும் கடைசி நாளில்தான் பலருக்குத் தெரியவருகிறது. ஒருவர் பாதியில் விட்டுப் போனால் ஒரு நிமிடத்தில் முகப்புக்குத் திரும்பும்படியும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் நாள் முழுக்க ஏதோ ஓர் உதிரிபாகப் பக்கத்தில் திரை உறைந்து கிடக்கும்.

செலவில் பலர் விட்டுவிடுவது ஆள்கூலி. டச் ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று "தொட்டுப் பாருங்க சார்" என்று அழைக்காவிட்டால், பெரியவர்கள் தள்ளி நின்று பார்ப்பார்கள், பள்ளிப் பிள்ளைகள் விளையாடுவார்கள். சட்டத்தில் பொருத்தும் அகச்சிவப்பு டச் ஃப்ரேமில் தூசு படிந்தால் தொடாமலே தொட்டதாக எடுத்துக்கொள்ளும். இன்ஜினியரிங் கண்காட்சியில் தூசுக்கா பஞ்சம்? வந்தவரின் பெயர், போன் நம்பர் வாங்குகிற பக்கம் இருந்தால், எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லிச் சம்மதம் பெறும் வரியும் வேண்டும். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இனி எந்த நிறுவனமும் கவனிக்காமல் இருக்க முடியாது.

இன்னொன்று, டச் என்பது ஒரு சமயத்தில் ஒருவருக்கு. எல்.இ.டி வாலில் டச் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அரை மீட்டர் தூரத்தில் நின்று பி 2.6 வாலைத் தொடுகிறவருக்குப் புள்ளிகள்தான் தெரியும். டச் என்றால் டிவி அளவுத் திரைதான்.

அன்ரியல், யூனிட்டி போன்ற கேம் இன்ஜினில் நிஜநேர 3டி, வி.ஆர் கண்ணாடி எல்லாம் நான்காவது வழி. முழு ஆலையையே விற்கிறவர்களுக்குப் பொருந்தும். பம்ப்புக்குத் தேவையில்லை என்பதால் அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

## பக்கத்தில் பக்கமாக

| அளவுகோல் | ஸ்லைடு ஷோ | வீடியோ லூப் | டச் ஸ்கிரீன் |
|---|---|---|---|
| பொருத்தமான திரை | 55 அங்குல டிவி. பேச்சு மேடைக்கு வால் | எல்.இ.டி வால், டிவி இரண்டும் | 43 முதல் 65 அங்குல டச் டிவி |
| யாருக்கு | உட்கார்ந்து பேசுபவர் | நடந்து போகிறவர் | நின்று தேடுபவர் |
| தயாராகும் காலம் | 2, 3 நாள் | ஸ்லைடிலிருந்து என்றால் ஒரு நாள். 3டி என்றால் 4 வாரமாவது | 6 வாரமாவது |
| கடைசி நேர மாற்றம் | உடனே, யாரும் | எழுத்து என்றால் சில மணி நேரம். 3டி என்றால் நடக்காது | செய்தவர் மட்டும் |
| ஆளில்லாமல் ஓடுமா | சந்தேகம் | ஓடும் | ஓடும், ஆனால் பயனில்லை |
| மறைந்திருக்கும் செலவு | முடங்கும் லேப்டாப், நீளக் கேபிள் | மறு ரெண்டர், மூலக்கோப்பு | சோதனை, அழைத்து நிறுத்தும் ஆள் |
| அடுத்த கண்காட்சிக்கு | அப்படியே | விகிதம் மாறினால் மறு எடிட் | அப்படியே, தரவை மட்டும் புதுப்பித்து |

## எந்த ஸ்டாலுக்கு எது

ஒற்றை 9 சதுர மீட்டர் ஷெல் ஸ்கீம் (அமைப்பாளரே தடுப்புச் சுவர் போட்டுத் தரும் ஸ்டால்), இரண்டு மூன்று பொருள், ஸ்டாலில் முதலாளியும் ஒரு உதவியாளரும்: வாலே வேண்டாம். ஒரு டிவியும் ஸ்லைடிலிருந்து எடுத்த எம்.பி.4-ம் போதும். மிச்சமாகும் வாடகையை வெட்டிக் காட்டும் பம்ப் ஒன்றைத் தயார்செய்யப் போடுங்கள். கையால் தொட்டுப் பார்க்கும் வெட்டுமாடலுக்கு முன்னால் கூடும் கூட்டம் எந்தத் திரைக்கும் கூடுவதில்லை.

நம் உதாரணம் மாதிரி நடுத்தர ஸ்டால்: வாலில் 60 முதல் 90 நொடி வீடியோ, டிவியில் ஸ்லைடு. இரண்டுக்கும் வேலை வேறு. வால் தூரத்தில் போகிறவரைத் திருப்ப வேண்டும், டிவி உள்ளே வந்தவருக்குப் பதில் சொல்ல வேண்டும். சலுகை, விலை, டீலர் அறிவிப்பு போன்ற மாறக்கூடியவை எல்லாம் ஸ்லைடிலேயே இருக்கட்டும். வீடியோவில் ஏறவே கூடாது. இந்த ஒரு பிரிவினையைச் செய்துவிட்டாலே கடைசி வார மறு ரெண்டர் பெரும்பாலும் நின்றுவிடும். 3டி-க்குப் பட்ஜெட் குறைவு என்றால் 90 நொடியும் 3டி-யாக இருக்க வேண்டியதில்லை. இம்பெல்லர் சுழலும் 15 நொடி மட்டும் 3டி, மீதி தொழிற்சாலையில் எடுத்த நல்ல படப்பிடிப்பு.

மாடல் பட்டியல் நீளமாக, வருடத்தில் பல கண்காட்சிக்குப் போகிற நிறுவனம்: டச் செயலி. செலவு பல கண்காட்சிகளுக்குப் பகிர்ந்து விழும், டீலர் ஷோரூமிலும் அதையே வைக்கலாம். வருடத்துக்கு ஒரு கண்காட்சி என்றால் கட்டாது.

புதிய பொருள் அறிமுக விழா, மேடையில் ஒருவர் பேசப் போகிறார் என்றால் அங்கே வாலில் ஸ்லைடுதான். நடுவே வரும் வீடியோவை ஸ்லைடுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். பேசுகிறவர் பேச்சை வீடியோ நேரத்துக்கு ஓட வைக்க முடியாது.

எதைத் தேர்ந்தாலும், வால் வாடகைக்காரருக்கு முன்பணம் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை சில உண்டு. பிட்ச், கேபினெட் எண்ணிக்கை, மொத்தப் பிக்சல் அகலம் உயரம். ரிஃப்ரெஷ் ரேட் (வாலின் விளக்குகள் நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகின்றன என்ற கணக்கு) 3,840 ஹெர்ட்ஸா என்றும் கேளுங்கள். 1,920 என்றால் வந்தவர்கள் போனில் எடுக்கும் படத்தில் கோடு ஓடும், அந்தப் படம்தான் அவர்கள் குரூப்களில் சுற்றப்போகிறது. வாடகை நாள் அமைப்பு நாளிலிருந்தா, திறப்பு நாளிலிருந்தா? ஆபரேட்டர் நான்கு நாளும் இருப்பாரா, முதல் நாள் மட்டுமா? உதிரி கேபினெட் ஒன்றாவது அரங்கிலேயே இருக்குமா? 6 சதுர மீட்டர் வால் முழு வெள்ளையில் 3 முதல் 4 கிலோவாட் வரை இழுக்கலாம். ஸ்டால் வாடகையோடு வரும் பிளக் பாயின்ட் அதைத் தாங்காது. அமைப்பாளரிடம் தனியாக லோடு கேட்டுக் கிலோவாட் கணக்கில் பணம் கட்ட வேண்டும், அதற்கான படிவத்துக்குக் கடைசித் தேதியும் இருக்கும். ஆன்-சைட்டில் கேட்டால் விலை கூடும்.

அமைப்பு நாள் மாலை, கேபினெட் ஏறியவுடன் முதலில் உங்கள் வீடியோவைப் போடச் சொல்லாதீர்கள். மூலைக்கு மூலை கோடும், நடுவே ஒரு வட்டமும், கீழே 30 பிக்சலில் ஒரு தமிழ் வரியும் கொண்ட சோதனைப் படத்தைப் போடுங்கள். மூலை வெட்டுப்பட்டால், வட்டம் முட்டையாகத் தெரிந்தால், 'ண' படிக்க முடியாவிட்டால் ஆபரேட்டர் பக்கத்தில் இருக்கும்போதே தெரிந்துவிடும். அவர் அடுத்த ஸ்டாலுக்குப் போய்விட்டால் இரவு பதினோரு மணிக்கு முன்னால் திரும்பி வரமாட்டார்.